ஃப்ரேமை எண்ணிட்டு அப்புறம் பட்ஜெட் சொல்லுங்க

கேமுக்குப் படம் வரைய ஆள் தேடுற அந்தப் போஸ்ட்டோட ஸ்கிரீன்ஷாட்டை நேத்து ராத்திரியிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிட்டு இருக்கீங்க. பார்த்துட்டேன். போஸ்ட் போட்ட அண்ணனை எனக்குத் தெரியும், கெட்ட மனுஷர் இல்லை. அதனாலதான் கோபத்தைவிட வருத்தம் அதிகமா இருக்கு.

"12 கேரக்டர், 6 பேக்கிரவுண்ட், ஒரு மாசம், 15,000 ரூபாய். ஆர்வம் உள்ளவங்க மட்டும்."

எண்ணிப் பார்ப்போம். ஒரே பக்கம் பார்த்து ஓடுற கேம்தான். ஃப்ரேம்னா அசைவைக் காட்ட வரையற ஒவ்வொரு தனிப் படம். ஒரு கேரக்டர் சும்மா நிக்க 4 ஃப்ரேம், நடக்க 8, அடிக்க 6, விழ 6. மொத்தம் 24. பன்னிரண்டு பேருக்கு 288 படம். ஸ்கெட்ச், லைன், கலர் எல்லாம் சேர்த்து ஒரு ஃப்ரேமுக்கு அரை மணி நேரம்னு ரொம்பக் கம்மியா வச்சாலும் 144 மணி நேரம், அதாவது 18 நாள். பேக்கிரவுண்ட் ஒண்ணுக்கு ரெண்டு நாள்னா இன்னொரு 12 நாள். மாசம் முடிஞ்சுபோச்சு. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஒரு திருத்தம்கூட இதுல சேரலை. நாளுக்கு 500 ரூபாய். எங்க வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த அண்ணனுக்கு இதைவிடக் கூடக் கொடுத்தோம். கொடுக்கணும், அது அவர் உழைப்பு. இதுவும் உழைப்புதான்.

உங்க பட்ஜெட் சின்னதா இருக்கறது தப்பே இல்லை. எண்ணாம சொல்றதுதான் தப்பு.

"நாங்களும் கைக்காசு போட்டுத்தான் கேம் பண்றோம்"னு சொல்வீங்க. நியாயம்தான், நானும் பார்த்திருக்கேன். அப்போ கேமைச் சுருக்குங்க. ஒரே உடம்பு, தலையும் கலரும் மட்டும் மாத்தினா நாலு எதிரி கிடைப்பாங்க. "கையில இவ்வளவுதான் இருக்கு, இதுக்கு என்ன வரும்?"னு கேளுங்க, உட்கார்ந்து பேசலாம். லாபத்துல பங்கு தர்றேங்கிறவங்களுக்கு: கேம் விக்கிற தளமான ஸ்டீமே முதல்ல 30 சதவீதம் எடுத்துக்கும், மிச்சத்துல உங்க செலவு போகும். என் வீட்டு வாடகை அஞ்சாம் தேதி வந்துடும்.

ஏஐ பண்ணிடும்னா அதையே வச்சுக்கோங்க. இருபத்தி நாலு ஃப்ரேம்லயும் ஒரே மூஞ்சி வரணும்னு மட்டும் அப்புறம் எங்கிட்ட வராதீங்க.

"காலேஜ் பசங்க யாராவது பண்ணித் தருவாங்க." இதுதான் எனக்கு வலிக்குது. 2019-ல அந்தக் காலேஜ் பொண்ணு நான்தான். ஒரு சின்ன கம்பெனி, 3,000 அட்வான்ஸ். வேட்டியை மடிச்சுக் கட்டின ஒரு பையனை வரைஞ்சேன். புருவத்தை மட்டும் ஏழு தடவை மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். கடைசியில "ப்ராஜெக்ட் டிராப் ஆயிடுச்சும்மா, ஃபைலை மட்டும் அனுப்பிடு"ன்னாங்க. அனுப்பினேன். எட்டு மாசம் கழிச்சு அம்மா ஃபோனைத் தூக்கிட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாங்க. "நீ வரைஞ்ச பையன் விளம்பரத்துல வர்றான்டி!" அதே புருவம். மிச்சக் காசு வரலைன்னு அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. சித்தி வீட்டுக்கெல்லாம் காட்டியிருந்தாங்க.

அப்புறம்தான் 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 19-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்துப் போடாம உரிமை கைமாறாது. காலம் எழுதலைன்னா அஞ்சு வருஷம், இடம் எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். வேலை கொடுக்கிறவங்களே, இது உங்களுக்கும்தான். உலகம் பூரா விக்கப்போற கேமோட ஹீரோ வாட்ஸ்அப் பேச்சுல உங்களுக்குச் சொந்தமாகிட மாட்டான். இதைச் சொன்னா "ரொம்ப ப்ரொஃபஷனலா பேசுறீங்களே"ங்கிறாங்க. வேற எப்படிப் பேசணும்?

அண்ணா, இதைப் படிச்சீங்கன்னா: மூணு கேரக்டர், ரெண்டு பேக்கிரவுண்ட், பாதி அட்வான்ஸ், ரெண்டு தடவை திருத்தம், கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம். அதே 15,000-க்கு நான் வரேன். அந்த "ஆர்வம் உள்ளவங்க மட்டும்"ங்கிற வரியை மட்டும் எடுத்துடுங்க.