லாஜிக் இல்லையாம்! ஏசியை 18-இல் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்

சனிக்கிழமை ராத்திரி நடந்த கூத்து. இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. எழுதித் தொலைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அன்றைக்கு வீட்டில் கூட்டம். மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள், அக்காள் குடும்பம் வந்திருந்தது, என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் சென்னைக்கார நண்பர் ஒருவரும் இருந்தார். சாப்பிட்டு முடித்துக் கிளம்பலாம் என்று எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சரி, ஏதாவது படம் போடலாம் என்றார்கள். அரை மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’வில் வந்து நின்றார்கள். ரோலண்ட் எம்மெரிக் எடுத்தது, 2004-இல் வந்தது. அட்லாண்டிக் கடலின் நீரோட்டம் நின்றுபோய், பூமியின் வட பாதி சில நாளில் பனிக்கட்டியாகிற கதை.

படம் தொடங்குமுன் மாமா ரிமோட்டைத் தேடி எடுத்தார். டிவி ரிமோட் இல்லை, ஏசி ரிமோட். பீப், பீப், பீப் என்று 18-க்கு இறக்கினார். அடுத்த பத்தாவது நிமிடம் அத்தை கைப்பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அக்காள் என் அலமாரியைத் திறந்து போர்வை எடுத்து வந்தாள். பூமத்திய ரேகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சிங்கப்பூரில், அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில், ஏழு பேர் நடுங்கிக்கொண்டே நியூயார்க் உறைவதைப் பார்க்க உட்கார்ந்தோம். 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம் என்று இந்த ஊரில் எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள்! யார் காதில் விழுகிறது?

சரி, அது போகட்டும். என் ஆத்திரம் ஏசி மேல் இல்லை. அதாவது, ஏசி மேல் மட்டும் இல்லை.

முதல் காட்சி. அண்டார்டிகாவில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் பனியில் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது காலடியிலேயே பனித்தட்டு பிளக்கிறது. அத்தான் வடையைக் கடித்துக்கொண்டே, "ஆரம்பமே கப்சா. அவ்ளோ பெரிய ஐஸ் எப்படி உடையும்?" என்று சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்தப் பனித்தட்டின் பெயர் லார்சன் பி. அது நிஜத்திலும் உடைந்தது. 2002-இல், படம் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஆள் நிற்கிற இடத்தில் கேக் வெட்டுகிற மாதிரி நொடியில் பிளக்கவில்லை என்பது சரிதான், சுமார் 35 நாள் ஆனது. ஆனால் அந்த 35 நாளில் சிதறிப்போன பனியின் பரப்பு ஏறக்குறைய 3,250 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரை நாலு தடவை அதன் மேல் விரித்துப் போட்டாலும் மிச்சம் இடம் இருக்கும். ஆயிரக்கணக்கான வருஷம் இருந்த பனி அது. சொன்னேன். "அப்படியா?" என்றார் அத்தான். அடுத்த வடையை எடுத்தார்.

அதற்கு அப்புறம் ஹெலிகாப்டர் காட்சி. வானத்தின் மேலடுக்கிலிருந்து கடும் குளிர்க்காற்று சரேலென்று இறங்குகிறது, பறக்கிற ஹெலிகாப்டருக்குள் எரிபொருள் உறைகிறது, கதவைத் திறந்தவர் நின்ற இடத்திலேயே கட்டையாகிறார். அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். "இப்படித்தாம்மா ஒருநாள் நடக்கப்போகுது" என்றார் அந்த நண்பர், தீர்க்கதரிசி மாதிரி.

ஐயா, அதுதான் கப்சா! படத்திலேயே பெரிய கப்சா அதுதான்! சைக்கிளுக்குக் காற்றடித்த யாருக்கும் தெரியும், பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும். மேலே இருக்கிற காற்று கீழே இறங்கும்போது அமுங்கும், ஒரு கிலோமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும். மேலிருந்து விழுகிற காற்று ஆளை அப்படியே உறைய வைக்காது. இதைச் சொன்னதற்கு, "ஒனக்கு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கணும்" என்று அக்காள் என் வாயை அடைத்துவிட்டாள்.

புரிகிறதா என் நிலைமை? நிஜமாகவே நடந்ததைக் காட்டினால் லாஜிக் இல்லை. நடக்கவே முடியாததைக் காட்டினால் சூப்பர் சீன். இவர்கள் படத்தைத் திட்டினால் எனக்கு என்ன? நானே திட்டுவேன். அந்த நீரோட்டம் பலவீனமாகும் என்பது உண்மை, ஐநாவின் காலநிலை நிபுணர் குழு 2021 அறிக்கையில் அதை உறுதியாகவே சொல்கிறது. ஆனால் 2100-க்குள் திடுதிப்பென்று நின்றுபோகாது என்றும் ஓரளவு நம்பிக்கையோடு சொல்கிறது. அப்படியே நின்றாலும் அதன் விளைவு வருஷக்கணக்கில், தலைமுறைக் கணக்கில் தெரியும். வியாழக்கிழமை மழை, வெள்ளிக்கிழமை வெள்ளம், சனிக்கிழமை பனியுகம் என்று வராது. அதைச் சொல்லித் திட்டுங்கள், நானும் கூட வந்து திட்டுகிறேன். திட்ட வேண்டிய இடத்தில் கைதட்டிவிட்டு, கவனிக்க வேண்டிய இடத்தில் சிரித்தால்?

நடுவில் என் கைப்பேசி ‘டிங்’ என்றது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கை. ஒரு கால்வாயில் தண்ணீர் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாம், அந்தப் பக்கம் போக வேண்டாமாம். வாசித்துச் சொன்னேன். திரையில் அப்போதுதான் பேரலை நியூயார்க் தெருவுக்குள் நுழைகிறது. "அது எப்பவும் வர்றதுதான், நீ நகரு, மறைக்குது" என்றார் மாமா.

அப்புறம் மெக்சிகோ எல்லை. குளிருக்குப் பயந்து அமெரிக்கர்கள் ஆற்றில் இறங்கி மெக்சிகோவுக்குள் ஓடுகிறார்கள். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். வேலி போட்டவன் வேலி தாண்டுகிறான். சென்னை நண்பர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "காமெடி பண்றானுங்க. வசதியா வீட்ல இருக்கிறவன் எவன்மா இப்படி மூட்டை முடிச்சோட ஓடுவான்?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. இதே மனிதர்தான் 2015 டிசம்பர் சென்னை வெள்ளக் கதையை எங்கள் வீட்டில் நாலு தடவையாவது சொல்லியிருப்பார். முடிச்சூரில் அவருடைய அப்பா அம்மா மொட்டை மாடியில் மழைக்குள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது, இவர் இங்கே ஜூரோங்கில் உட்கார்ந்துகொண்டு போன் போட்டுப் போன் போட்டு லைன் கிடைக்காமல் அழுதது, மறுநாள் மீனவர்கள் படகு கொண்டுவந்து இறக்கினது, அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டுப் பத்திரத்தையும் மாத்திரையையும் மட்டும் எடுத்துக்கொண்டு படகில் ஏறினது. அந்த பிளாஸ்டிக் பையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் உடையும். மூட்டை முடிச்சோடு ஓடியது யார் சார்? உங்கள் அம்மாதானே? கேட்கவில்லை. விருந்தாளி. காபி வேண்டுமா என்று கேட்டேன்.

என் அக்காள் மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். "கிராஃபிக்ஸ் ரொம்பப் பழசு சித்தி, அஞ்சுக்கு ரெண்டு" என்று மதிப்பெண் போட்டான். அவன் வயசுக்கு அது தப்பில்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலேயே உருப்படியான கேள்வி கேட்டவனும் அவன்தான்: "டெல்லியில பனி பெய்யுது, டோக்கியோவுல ஐஸ் விழுது, நம்ம ஊர காட்டவே இல்லையே?"

அதற்கு மாமா சொன்ன பதில்தான் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "நம்ம ஊருக்கு என்னடா வரும்? புயல் இல்ல, பூகம்பம் இல்ல. சுனாமி வந்தா சுமத்ரா தடுத்துடும். அதெல்லாம் வராது லா. வந்தாலும் கவர்மென்ட் பாத்துக்கும்."

புயல் வராதா? 2001 டிசம்பர் கடைசியில் வாமெய் என்று ஒரு சூறாவளி நமக்குப் பக்கத்துக் கடலில், பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரி கூடத் தள்ளி இல்லாத இடத்தில் உருவானது. அங்கே சூறாவளி சுழலவே சுழலாது என்றுதான் பாடப் புத்தகத்தில் இருந்தது. அது மலேசியாவின் ஜொகூர் பக்கம் கரையேறியது. நமக்கு வெறும் மழையும் காற்றுமாகப் போனது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அதை விடுங்கள். 1978 டிசம்பர் 2. ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை. இந்தத் தீவின் சாதனை இன்றைக்கும் அதுதான். அன்றைக்கு மாமாவுக்கு 13 வயசு. அம்மா வீடு அப்போது பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது கிராமத்தில். தண்ணீர் ஏறினதும் தாத்தா மேசை மேல் பெட்டியை வைத்து, பெட்டி மேல் மாமாவை ஏற்றி உட்கார வைத்தாராம். மாமா விடிய விடியக் கோழிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். "கோழிக்காக அழுதானா, பயத்துல அழுதானான்னு இன்னி வரைக்கும் தெரியல" என்று அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதர் சொல்கிறார், நம்ம ஊருக்கு என்ன வரும் என்று!

சொல்லிக் காட்டினேன். "அது அந்தக் காலம். இப்போ கால்வாயெல்லாம் நல்லா கட்டிட்டாங்க" என்றார். கட்டினார்கள், மறுக்கவில்லை. கட்டியும் 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றதா இல்லையா? பெரிய பெரிய கடையெல்லாம் மூழ்கிச் சரக்கு நாசமானதா இல்லையா? அப்புறம்தானே அந்தப் பக்கம் தண்ணீரைத் தேக்கிவைக்கப் பூமிக்கடியில் தொட்டி, திருப்பிவிடத் தனிக் கால்வாய் என்று கோடி கோடியாகக் கொட்டினார்கள்.

கவர்மென்ட் பார்த்துக்கும் என்பதும் சரிதான். 2019 தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கணக்கே சொன்னார். கடலிலிருந்து ஊரைக் காப்பாற்ற 100 வருஷத்தில் 100 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளியோ (டாலர்) அதற்கு மேலேயோ ஆகலாம் என்று. அது யார் வீட்டுக் காசு மாமா? தீவில் ஏறக்குறைய 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்துக்கு 5 மீட்டர் கூட உயரம் இல்லாதது. கரியமில வாயு வெளியேற்றம் குறையாமல் போனால் 2100-இல் கடல் 1.15 மீட்டர் வரை ஏறலாம் என்று 2024 ஜனவரியில் வந்த ஆய்வு சொல்கிறது. கிழக்குக் கரையோரம் ‘லாங் ஐலண்ட்’ என்று 800 ஹெக்டேருக்குக் கடலைத் தூர்க்கப் பார்ப்பது அதனால்தானே. இதை நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க கவர்மென்ட்டோட புது பிடிஓ வீடு வருமா?"

தெரிகிறது, 1.15 மீட்டரில் சினிமா இல்லை. நியூயார்க்கில் அலை கட்டிடத்துக்கு மேல் எழும்புகிறது. நமக்கு வருவது வளர்ந்த ஆளின் நெஞ்சு உயரம், அதுவும் எண்பது வருஷத்தில், மில்லிமீட்டர் மில்லிமீட்டராக. 2023 மே 13-ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி அடித்தது. நாற்பது வருஷ சாதனையைத் தொட்ட நாள். அன்றைக்குத் தலைக்கு மேல் அலை எழும்பவில்லை, எந்தக் கட்டிடமும் சரியவில்லை. என் கீழ்வீட்டுப் பாட்டிக்குத் தலை சுற்றிப் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கம்பில் காயப்போட்ட துணி அரை மணியில் அப்பளமாக நொறுங்கியது. இதைப் படமாக எடுத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்? "படம் ரொம்ப ஸ்லோ" என்று அத்தானே முதல் ஆளாக எழுந்து போவார்.

எடுக்கிறவனும் வேறு என்னதான் செய்வான், சொல்லுங்கள். மெதுவாகக் காட்டினால் தூக்கம் வருகிறது என்கிறீர்கள். வேகமாகக் காட்டினால் பொய் என்கிறீர்கள். எச்சரித்த விஞ்ஞானியைத் துணை அதிபர் மதிக்காமல் அனுப்புகிற காட்சிக்கு, "பாவம், அவர் பேச்சை யாருமே கேக்க மாட்டேங்கறாங்க" என்று அத்தை உச்சுக் கொட்டினார். அதற்கு முந்தின நிமிடம்தான் என்னைப் பார்த்து, "படம் பாக்க விடுடி, தொணதொணன்னு" என்றிருந்தார்.

நடுவில் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அங்கே ஜன்னலுக்கு வெளியேதான் ஏசியின் வெளிப்பெட்டி இருக்கிறது. மழை ஈரத்திலும் அதிலிருந்து வருகிற காற்று முகத்தில் அனலாக அடித்தது. நேர் மேல்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்தாமல் என்ன செய்வார்கள்? எங்கள் சூட்டுக்குப் பயந்து அவர்களும் ஏசி போட்டிருப்பார்கள், அவர்கள் சூட்டுக்கு அதற்கும் மேல்வீடு.

படம் முடிந்தது. "கடைசி சப்புன்னு இருக்கு" என்றார் அத்தான். "பாட்டு இல்லாததே நிம்மதி" என்றார் அத்தை. மழை விட்டிருந்தது. எல்லோரும் போர்வையைச் சோபாவிலேயே சுருட்டிப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஏசியை அணைத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமாவிடமிருந்து ஒரு டிரெய்லர் வந்திருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: "இதுல அலை இன்னும் பெருசாம். அடுத்த சனிக்கிழமையும் உங்க வீட்டுலயே போட்டுடலாம்மா. எங்க வீட்டு ஏசி அவ்ளோ கூல் இல்ல."