மகளை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல 18 வயது ஆக வேண்டுமா?
பூப்பெய்திய சில ஆண்டுகளுக்கு மாதவிலக்கு ஒழுங்கற்று வருவது இயல்பே, ஆகவே 18 வயதுக்கு முன் மகளை மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தேவையில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதில், முதல் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. தொடக்க ஆண்டுகளில் இடைவெளி 21 முதல் 45 நாள்வரை மாறலாம் என்றாலும், 7 நாளுக்கு மேல் நீடிக்கும் உதிரப்போக்கையும், ஓரிரு மணி நேரத்துக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டிய நிலையையும், 15 வயதாகியும் பூப்பெய்தாமல் இருப்பதையும் அந்த இயல்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காரைக்குடியில் என் மகளுக்கு 14 வயதில் 12 நாள்கள் உதிரம் நிற்காதபோது, அவளுடைய அப்பத்தா உளுந்தங்களி கிண்டிக் கொடுத்ததோடு, 'மகப்பேறு' என்று பலகை மாட்டிய வாசலில் வயதுப் பெண் நிற்பதை உறவினர் பார்த்தால் என்ன பேசுவார்களோ என்றே கவலைப்பட்டார் (களியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை). நாங்கள் தயங்கிய இரண்டு மாதங்களில் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு சகோதரி, மருத்துவர்கள் உள்பரிசோதனை (பிறப்புறுப்பின் வழியே செய்யும் சோதனை) செய்வார்களோ என்று அஞ்சியிருக்கிறார். எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. மருத்துவர் மாதவிலக்குத் தேதிகளைக் கேட்டார், இரத்த உறைதலுக்கும் தைராய்டுக்கும் சோதனை எழுதினார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வயிற்றின் மேலாகவே ஸ்கேன் எடுத்தார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 13 முதல் 15 வயதுக்குள் முதல் சந்திப்பைப் பரிந்துரைப்பதும் பெரும்பாலும் பேசுவதற்காகத்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 15 வயதுக்கு முன் தொடங்கினால் இரண்டு தவணை போதும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். என் மகள், மருத்துவர் என்னைச் சற்று வெளியே இருக்கச் சொன்ன பிறகே, தான் கேட்க நினைத்தவற்றையெல்லாம் கேட்டாளாம்.