5 கட்டையில் பாடிய பையன்

டிவி பாட்டுப் போட்டி. சின்னப் பையன் ஒருவன் மேடையில் நின்று உச்சஸ்தாயியில் ஒரு சங்கதியைப் போட்டுவிட்டு இறங்குகிறான். நடுவர் எழுந்து நின்று கைதட்டுகிறார், அம்மா கண்ணைத் துடைக்கிறார், மேலேயிருந்து வண்ணக் காகிதம் கொட்டுகிறது. மறுநாள் எல்லார் போனிலும் அதே ஒன்றரை நிமிடம். நானும் பார்க்கிறவன்தான், நாலு பேருக்கு அனுப்புகிறவன்தான். அதனால் இதை யாரையோ திட்டும் பதிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படி ஒரு போட்டியில் கடைசிச் சுற்று வரை போனான். அப்போது வயது 11, சுருதி 5 கட்டை. கட்டை என்பது பாடுகிற சுருதியின் அளவு, எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அப்புறம் இரண்டு வருடம் எங்கே போனாலும் அந்த ஒரே பாட்டைத்தான் கேட்டார்கள். 13 வயதில் மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது, வந்தது. ஒரு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்து, "அதையே பாடு தம்பி" என்றார்கள். கீபோர்டுக்காரரும் பழைய கட்டையிலேயே பிடித்துவிட்டார். பல்லவியைச் சமாளித்துவிட்டான். சரணத்தில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. மிச்சத்தைக் கீழ்ஸ்தாயியில் பாடி முடித்து, மைக்கை அணைத்தான். அந்த 'டக்' ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. பிறகு பல மாதம் வீட்டில்கூட அவன் முணுமுணுக்கவில்லை.

இதில் அவன் தப்பு என்ன இருக்கிறது? குரல்வளை வளர்கிறது, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, பையன்களுக்குக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை) இறங்கிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கும் மாறும், ஆனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. சிறுவர்களையே நடிக்க வைத்த அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்தால் பையனுக்குப் பாடுகிற வேஷம் போய்விடும். கொடுமைதான். ஆனால் அப்படி ஒரு நாள் வரும் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டிவி போட்டியில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. படப்பிடிப்பு நடக்கிற மாதங்களில் கூடவே பயிற்சியாளர் இருப்பார். ஃபைனல்ஸ் முடிந்ததும் பையன் இருப்பான், வீடியோ இருக்கும், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே போட்டியிலிருந்து வந்த பெரிய பாடகர்களைக் காட்டுவார்கள். சரி, அவர்களையே பார்ப்போம். இந்திப் பாடகர் அரிஜித் சிங் 2005இல் 'ஃபேம் குருகுல்' டிவி போட்டியில் ஜெயிக்கவில்லை. அவரைப் பிரபலமாக்கிய 'தும் ஹி ஹோ' பாட்டு வந்தது 2013இல். நடுவே இசையமைப்பாளர்களுக்கு மியூசிக் புரோகிராமிங் செய்துகொண்டிருந்தார். அமெரிக்கப் பாடகி ஜெனிஃபர் ஹட்சன் 2004 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் 7ஆவது இடம், 2007இல் கையில் ஆஸ்கர். இரண்டு பேருக்குமே கேமரா விலகிய பிறகு கொஞ்ச காலம் கிடைத்தது. போட்டிக்கு வரும்போதே குரல் உடைந்து தேறியவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

11 வயதுப் பையனுக்கு அந்தக் காலத்தைப் பெரியவர்கள்தான் வாங்கித்தர வேண்டும். குரல் மாறி நிலைக்கும் வரை கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள். பாடியே ஆக வேண்டுமென்றால் கட்டையை இறக்குங்கள். போட்டி நடத்துகிறவர்கள் இதைப் பெற்றோரிடம் முதல் சுற்றிலேயே சொல்லலாம், காசு செலவாகாது. சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்கு இப்போது 17. தம்புரா ஆப்பை 1 கட்டையில் வைத்துக்கொண்டு காலையில் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறான். பழைய பாட்டைத் தொடுவதில்லை. அந்த வீடியோவின் கீழே போன வாரம்கூட ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தத் தம்பி இப்ப பாடுறதில்லையா?"