மூன்று குண்டு, ஒரே ஓட்டை: நம்பலாமா?

"100 கெஜத்தில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில் போனால், தோட்டாவில் போட்ட அந்த வெடிமருந்து அளவுதான் உங்கள் ரைபிளுக்குப் பொருத்தம்." கையால் தோட்டா நிரப்பி இலக்கு சுடுபவர்களிடம் சுற்றிவரும் பேச்சு இது. தவறு.

மூன்று குண்டு மிகச் சின்ன மாதிரி. அதே ரைபிளில் அதே மாதிரி தோட்டாவை 10 முறை சுட்டால், ஓட்டைகளின் சிதறல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். தோட்டா கெட்டுப்போகவில்லை, கணக்கே அப்படித்தான். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மும்மூன்றாகச் சுட்டு, அழகான குரூப்பை (நெருக்கமாக விழுந்த ஓட்டைக் கூட்டத்தை) பொறுக்குவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுக்குவதுதான். (ஒரே ஓட்டை விழுந்த இலக்கு அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு காட்டுகிறவர்கள் தனி ரகம்.)

சரி, குண்டுக்குக் குண்டு வரும் வேக வித்தியாசம் 100 கெஜத்தில் கண்ணில் படாது. 1,000 கெஜத்தில் படும். அங்கே எஃப்-கிளாஸ் (ரைபிளைத் தாங்கியில் வைத்து, படுத்துச் சுடும் தொலைதூரப் போட்டி) இலக்கின் பத்துப் புள்ளி வளையம் 10 அங்குலம்தான், அதாவது நடுவிலிருந்து 5. வினாடிக்கு 30 அடி வேகம் குறைந்த குண்டு அரை அடிக்கு மேல் இறங்கி வளையத்துக்கு வெளியே விழும். அதனால் கிரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து, ஒரே அளவில் 20 தோட்டாவாவது சுட்டு, வேகம் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். மருந்துக் கம்பெனியின் கையேட்டில் உள்ள உச்ச அளவை மட்டும் தாண்ட வேண்டாம்.