ப்ரோபயாடிக் டப்பாவை வைத்துவிட்டுக் கொண்டைக்கடலையை ஊறவையுங்கள்

குடல் பாக்டீரியா பற்றி ஆளாளுக்கு ரீல்ஸ் போடுகிறார்கள். முடிவில் ஒரு மாத்திரை டப்பாவுக்கு லிங்க். பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்ட ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சாப்பாடு, குடல் கிருமி, புற்றுநோய் மூன்றுக்கும் உறவு இருப்பது உண்மை. அந்த உறவைப் புரிந்துகொள்ள 2015-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கறுப்பின மக்கள் 20 பேர். தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்திலிருந்து 20 பேர். முதல் கூட்டத்தார் மத்தியில் பெருங்குடல் புற்றுநோய் லட்சத்துக்கு 65 பேருக்கு வருகிறது. இரண்டாவதில் 5-க்கும் கீழே. ஆய்வை நடத்திய ஸ்டீபன் ஓ'கீஃப் குழு இரண்டே வாரத்துக்கு இவர்கள் தட்டுகளை மாற்றி வைத்தது. அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 ஆனது, கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆப்பிரிக்கர்களுக்கு பர்கரும் சாசேஜும். அவர்கள் நார்ச்சத்து 66-லிருந்து 12 கிராமுக்குச் சரிந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு கூடியிருந்தது, குடல் சுவரின் அழற்சி குறைந்திருந்தது. ஆப்பிரிக்கர்களிடம் பியூட்டிரேட் பாதியானது, இரண்டாம் நிலைப் பித்த அமிலங்கள் பல மடங்கு ஏறின.

இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் கிருமிகள் நொதிக்க வைத்துத் தருவது பியூட்டிரேட். குடல் உட்சுவர்ச் செல்களுக்குத் தேவையான சக்தியில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. இன்னொரு பக்கம், கொழுப்பு அதிகம் சாப்பிட்டால் பித்தநீர் அதிகம் சுரக்கும். சுரந்ததில் மிச்சம் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள வேறு கிருமிகள் அதை இரண்டாம் நிலைப் பித்த அமிலமான டிஆக்ஸிகோலிக் அமிலமாக மாற்றும். அது செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தக்கூடியது. ஆக, உள்ளே எந்தக் கிருமி இருக்கிறது என்பதைவிட அதற்கு என்ன தீனி போடுகிறோம் என்பதே பெரிய கேள்வி.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. நார் முதலில் நொதிப்பது வலப்பக்கக் குடலில். அங்கேயே தீர்ந்துவிட்டால், இடப்பக்கமும் மலக்குடலும் பட்டினி. அங்குள்ள கிருமிகள் மிச்சமிருக்கும் புரதத்தில் கை வைக்கும். அம்மோனியா, ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த இடப்பக்கத்தில்தான் வருகின்றன. அதனால் ஒரே வகை நார் போதாது. வேகமாக நொதிப்பதும் மெதுவாக நொதிப்பதும் கலந்து வேண்டும். இசப்கோல் நல்ல மருந்துதான், மலத்தை இளக்கும். ஆனால் அது அதிகம் நொதிக்காது. கிருமிகளுக்குத் தீனி என்று நினைத்து வாங்காதீர்கள்.

கணக்குக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார். தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. மூன்று வேளையும் அரிசியே என்று 300 கிராம் சமைத்துச் சாப்பிட்டாலும் 8 கிராமோடு நின்றுவிடும். அதே நாளில் ஒரு வேளை 50 கிராம் கம்பு அல்லது கேழ்வரகு (5 முதல் 6 கிராம்), மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் (ஏழுக்கு மேல்), ஒரு கொய்யா (சுமார் 8), ஒரு கிண்ணம் கீரை (சுமார் 4) என்று மாற்றினால் அரிசியைப் பாதியாக்கினாலும் இலக்கைத் தாண்டலாம். கொய்யாவை ஜூஸ் போட்டு வடிகட்டினால் கணக்கு கெட்டது.

ஒரே நாளில் இதையெல்லாம் ஏற்றினால் வயிறு உப்பும், காற்று பிரியும், "எனக்கு ஒத்துக்கல" என்று நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள், கடலையை 8 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தண்ணீர் குடிக்காமல் நார் மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் அதிகமாகும். குடல் பாதை குறுகியிருப்பவர்கள், குடல் அழற்சி தீவிரமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

பழைய சோறு? ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், அது உண்மை. "புற்றுநோயை விரட்டும்" என்பது ஃபார்வர்டு.

இறைச்சியில் தெளிவு வேண்டும். 2015-ல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. நாளுக்கு 50 கிராம் தொடர்ந்து சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும். இது இருக்கிற ஆபத்தின் மேல் கூடும் 18. நூறில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. உப்பிட்டோ புகையூட்டியோ கெடாமல் வைத்த இறைச்சி என்பது அவர்கள் வரையறை; அதன்படி சாசேஜ் மட்டுமல்ல, நம் உப்புக்கண்டமும் பதப்படுத்தியதே. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி அதற்கடுத்த பட்டியலில்; கோழியும் மீனும் அதில் இல்லை.

எதிர்ச்சான்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 2000-ல் அமெரிக்காவில் முடிந்த இரண்டு பெரிய சோதனைகளில், நார் கூட்டிய உணவோ கோதுமைத் தவிடோ சில ஆண்டுகளில் குடல் பாலிப்புகள் (உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகள்) திரும்ப முளைப்பதைக் குறைக்கவில்லை. ஒரு பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாவது ஆகும். மூன்று நான்கு ஆண்டுகள் அதற்குப் போதாது என்பது என் வாசிப்பு. தவிடு அரைகுறையாகத்தான் நொதிக்கும் என்பதும் காரணமாக இருக்கலாம்.

கிருமியே நேரடிக் குற்றவாளியாகும் இடமும் உண்டு. குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவின் சில வகைகள் கோலிபேக்டின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது டிஎன்ஏவில் தனி அடையாளமுள்ள வடுவை விட்டுச் செல்லும். 2025-ல் 11 நாடுகளின் 981 கட்டிகளை ஆராய்ந்ததில், 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்த வடு, 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருந்ததைப் போல 3.3 மடங்கு அதிகம். முதல் பத்து வயதுக்குள்ளேயே அது விழுந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படியானால் 35 வயதில் கம்பங்கூழுக்கு மாறியவர் "நான் சரியாகத்தானே சாப்பிடுகிறேன்" என்று அறிகுறியை ஒதுக்கக் கூடாது.

மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தான்" என்று களிம்பு தடவி ஆறு மாதம் ஓட்டுவது நம் ஊரில் வாடிக்கை. ரத்தத்தோடு எடை குறைவது, மலப்பழக்கம் சில வாரமாக மாறியிருப்பது, காரணம் தெரியாத ரத்தசோகை ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் வயதைப் பார்க்காமல் குடல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம், கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) எப்போது செய்யலாம் என்று கேளுங்கள். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அதே பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள். உள்ளே ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கலாம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும். போகும்போது மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.