ரத்தப் புற்றுநோய் என்றால் ஆறு மாதம்தானா? உண்மை விளக்கம்

"ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டால் ஆறே மாதம்தான், மருந்தெல்லாம் வீண்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றி வருகிறது. இது தவறு. இதை நம்பி யாராவது சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

லுகேமியா எனப்படும் ரத்தப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. நாள்பட்ட மைலாய்டு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 9-ஆவதும் 22-ஆவதும் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் ஒரு புரதம்தான் அதன் வேர். அதை முடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுபவர்கள் இன்று ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழ்கிறார்கள். தினமும் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, வேலைக்கும் போய்வருகிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்போபிளாஸ்டிக் வகையில், நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 100 பேரில் சுமார் 90 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். (அந்த 5 ஆண்டு ஆயுள் கெடு அல்ல, கணக்கெடுக்கும் அளவுகோல். பெரும்பாலோர் குணமாகியே விடுகிறார்கள்.)

முதியவர்களுக்கு வரும் தீவிர மைலாய்டு வகை இன்னமும் கடினமானதுதான். அதை மறைக்கக் கூடாது. அதிலும் உடல்நிலையையும் மரபணு மாற்றத்தையும் பொறுத்து ஆளுக்கு ஆள் நிலைமை மாறும். எந்த வகை என்று முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.