குழந்தை வளக்கறதுக்கு எதுக்கு அம்மணி காலேஜு?

எதிர்வீட்டு அண்ணன் நேற்று என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மனித மேம்பாடும் குடும்பவியலும்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "எங்கம்மா ஏழு பேரை வளத்துனாங்க. அவங்க எந்தக் காலேஜுக்குப் போனாங்க?" என்றார். அதே படிப்பை எம்.எஸ்சி. வரை படித்தவள் நான். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் செமஸ்டர். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு நர்சரி பள்ளி. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு குழந்தையை அரைமணி நேரம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். கொஞ்சக் கூடாது, கூப்பிடக் கூடாது. நான் எழுதிய முதல் வரி: "குழந்தை உள்ளே வராமல் அடம் பிடித்தான்." மேடம் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: "அடத்தை எங்கே பார்த்தாய்? கண்ணில் பட்டதை எழுது."

மறுநாள் இப்படி எழுதினேன்: "9.40. கதவருகே நிற்கிறான். கையில் தண்ணீர் பாட்டில். ஆயா பாட்டிலை வாங்கக் கை நீட்டுகிறார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறான். 9.43. ஆயா பாட்டிலை விட்டுவிட்டு அவன் தோளைத் தொடுகிறார். உள்ளே வருகிறான்."

முந்தின நாளும் அந்த பாட்டில் அவன் கையில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. மூன்று வயதுப் பையனுக்கு 'அடம்' என்று பெயர் வைத்து முடித்துக்கட்டியிருந்தேன். இப்போது யாராவது தங்கள் பிள்ளையைச் சோம்பேறி என்றோ, மாமியாரைச் சிடுமூஞ்சி என்றோ சொன்னால் அந்தச் சிவப்பு மைதான் நினைவுக்கு வருகிறது.

அண்ணனுடைய அம்மாவைப் பற்றிச் சொன்னாரே, அதில் எனக்கு மறுப்பே இல்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை. ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவதற்குச் செங்கீரை என்று பெயர் வைத்தார்கள். ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறைகிற சமயத்தில் தளர்நடை போட்டு வருவது வருகைப் பருவம். இன்று குழந்தை மருத்துவர் சுவரில் ஒட்டியிருக்கிற வளர்ச்சி அட்டவணையோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு நெருங்கி வருகிறது என்று. பார்க்கிற கண் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

ஆனால் அந்த ஏழு பேரை அம்மா தனியாக வளர்க்கவில்லையே அண்ணா. பாட்டி இருந்தார், அத்தை இருந்தார், திண்ணை இருந்தது, தெருவே இருந்தது. நாங்கள் களப்பணிக்குப் போன திருப்பூர் லைன் வீட்டில் யார் இருந்தார்கள்? ஒரே அறை. அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட், பகலெல்லாம் அங்கேயே தூங்குகிறார். அம்மா நாள் முழுக்க வாயில் விரலை வைத்து "உஷ்" என்கிறாள். நாலு வயதுப் பெண் குழந்தை. 'பேச்சு வரலை' என்று அங்கன்வாடியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளை வெளியே தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கோழிக்குஞ்சைக் காட்டி என் காதருகே வந்து எதையோ கிசுகிசுத்தாள். பேச்சு இருந்தது. நடுத்தெருவிலும் குரல்தான் எழும்பவில்லை.

அமெரிக்க உளவியலாளர் யூரி பிரான்பென்பிரன்னர் 1979-ல் எழுதியது இதைத்தான். குழந்தையைச் சுற்றி வளையம் வளையமாகச் சூழல் இருக்கிறது. குழந்தை ஒருபோதும் காலடி வைக்காத இடமும் அதன் வாழ்க்கையைத் தொடும் என்றார். அந்தப் பெண் அப்பாவின் கம்பெனி கேட்டைக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஷிப்ட் அவள் குரலுக்குள் இருந்தது. அம்மாவைக் குறை சொல்லிவிட்டு வராமல் ஷிப்டைப் பற்றிக் கேட்கச் சொல்லித்தந்தது இந்தப் படிப்பு.

"சமையல் படிப்புதானே?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, காரணம் தெரியும். இது மனையியலின், அதாவது ஹோம் சயின்ஸின், வயிற்றில் பிறந்த துறை. கோவையில் அவினாசிலிங்கம் கல்லூரி 1957-ல் மனையியல் கல்லூரியாகத்தான் தொடங்கியது. ஊட்டச்சத்து, துணி, வீட்டு மேலாண்மை இவற்றோடு குழந்தை வளர்ச்சியும் ஒரே கூரையின் கீழ் வந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் துறை தவறே செய்யாதது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் அனாதைக் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து, மாணவிகள் முறைபோட்டு அம்மாவாக இருந்து பழகினார்கள். முதல் குழந்தைக்கு அவர்கள் வைத்த பெயர் டிக்கி டோமெகான். அந்தப் பின்பெயர் மனையியலைக் குறிக்கும் 'டொமஸ்டிக் எகானமி' என்பதைச் சுருக்கியது! இதை வகுப்பில் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கைக்குழந்தைக்கு நிலையான ஒரு மடி வேண்டும் என்பதை ஜான் பவுல்பி போன்ற மனநல மருத்துவர்கள் 1950-களில் அழுத்தமாக எடுத்துச் சொன்னார்கள். 1969 வாக்கில் அந்த வழக்கம் நின்றது. பிரான்பென்பிரன்னர் வேலை பார்த்ததும் அதே கார்னெலில்தான்.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. நம் ஊரில் இந்தப் படிப்பு பெரும்பாலும் பெண்கள் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. அப்பா ஆகப்போகிற பையன்களுக்கு இது எங்கே கிடைக்கும்? வேலைக்கும் குறைவில்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-லேயே வந்துவிட்டது. அங்கன்வாடி, சிறப்புப் பள்ளி, குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், பள்ளி ஆலோசகர் என்று இத்தனை இடத்தில் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. நான் நேர்முகத்துக்குப் போன ஒரு பள்ளியில் ஆலோசகர் பணிக்கு என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "கிராப்ட் டீச்சரா எடுத்துக்கறோம்" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். இன்னமும் அது வலிக்கிறது.

அண்ணன் மகளுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. சிவப்பு மை நோட்டைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.